பழைய 1210 லாரி காலையில் மிஸ் அடிக்கிறது, பம்ப்தானா?

நவம்பர் 3, 2023, இரவு 9.40

வண்டி டாடா 1210. ஆறு சிலிண்டர் 697 எஞ்சின், டர்போ கிடையாது, சிலிண்டர்களுக்கு டீசல் தள்ளுவது மைகோ இன்லைன் பம்ப். 1993 மாடல். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அடிக்கிறோம். சீசன் ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் அவசரம்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் எஞ்சின் துள்ளுகிறது, ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் ஆகிறது. வெள்ளைப்புகை, கண் எரிகிற டீசல் நாற்றம். பத்து நிமிடம் ஓடினால் பாதி சரியாகிறது. லோடோடு மஞ்சவாடி கணவாய் ஏறும்போது மறுபடியும் மிஸ். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இப்போது இரண்டாவது கேட்கிறது. டீசல் ஃபில்டர் இரண்டும் போன வாரம்தான் மாற்றினேன்.

பார்த்த எல்லோரும் ஒரே வார்த்தை: "பம்ப் போச்சுங்க." பம்ப் கழற்றி வேலை பார்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். அதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம்? தெரிந்தவர்கள் இந்த இழையில் சொல்லுங்கள்.

நவம்பர் 3, இரவு 11.15

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 93 இல்லை, 94. இத்தனை வருடமாக வண்டிக்கு ஒரு வயது கூட்டியே சொல்லி வந்திருக்கிறேன்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்ன நண்பருக்கு: அண்ணே, இது டீசல். பிளக்கும் கிடையாது, காயிலும் கிடையாது. காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மூன்றில் ஒன்று: டீசல் வரவில்லை, வந்தது சரியாகத் தூவவில்லை, இல்லை காற்று சரியாக அமுங்கவில்லை. என் அறிவு இவ்வளவுதான். இதை வைத்துத்தான் தேடப்போகிறேன்.

எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னவருக்கு: ஏற்கெனவே கட்டியிருக்கிறது. மிளகாயோடு.

நவம்பர் 4, மதியம்

பைப் தளர்த்திப் பார்க்கிற சோதனை செய்தேன். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற முனை) போகிற இரும்புப் பைப்பின் நட்டை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே கசியும், அந்தச் சிலிண்டர் செத்துவிடும். அது நல்ல சிலிண்டராக இருந்தால் எஞ்சின் உடனே தொய்ந்து தடுமாறும். ஏற்கெனவே செத்துக் கிடக்கிற சிலிண்டராக இருந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

1, 2, 3, 4: நன்றாகத் தொய்ந்தது. 6-ம் அப்படித்தான். 5-ஐத் தளர்த்தினேன், எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், விளையாட்டில்லை. அந்த நட்டுக்கு நேராகக் கையை வைக்காதீர்கள். பம்பின் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்பேனரின் நீளத்துக்குத் தள்ளி நின்று செய்யுங்கள்.

நவம்பர் 5, காலை

அப்பா நேற்றுச் சோதனையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இன்று காலை வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, புகை வெளியேறுகிற சைலன்சர் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் விரலால் தெளித்தார். ஐந்து இடத்தில் சொர்ரென்று ஆவியானது. 5-ல் மட்டும் தண்ணீர் சும்மா வழிந்தது. ஸ்பேனரே தேவைப்படவில்லை.

எஞ்சின் சூடாவதற்கு முன் முதல் இரண்டு மூன்று நிமிடத்தில்தான் இந்த வித்தை பலிக்கும். அப்புறம் பக்கத்துச் சூடு பரவிவிடும்.

நவம்பர் 5, மாலை

ஒருவர் நல்ல யோசனை என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார்: "பம்பிலிருந்து 5-க்குப் போகிற பைப்பையும் 2-க்குப் போகிற பைப்பையும் மாற்றிப் போடுங்கள், பம்ப் பிரச்சினையா என்று தெரிந்துவிடும்." பைப் வளைவே ஒத்துவராது என்பது ஒரு பக்கம். இந்த எஞ்சினின் எரிப்பு வரிசை 1-5-3-6-2-4. மாற்றிப் போட்டால் 5-க்கு வர வேண்டிய நேரத்தில் வராமல் 2-க்கு வர வேண்டிய நேரத்தில் டீசல் வரும். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து சாகும்.

நாசிலை மாற்றிப் போடலாம். அதற்கு நேரம் காலம் கிடையாது, பைப்பில் எப்போது வந்தாலும் தூவும். அதைச் செய்யப்போகிறேன். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டவருக்கு: குறையவில்லை, மூடியைத் திறந்துவைத்து ஓட்டினாலும் குமிழி இல்லை. ஹெட் கேஸ்கட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நவம்பர் 9, இரவு 10

லோடு இறக்கிவிட்டு வரவே ஏழு மணி. செல்போன் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு 5-ன் நாசிலையும் 2-ன் நாசிலையும் கழற்றி இடம் மாற்றினேன். நாசிலுக்கு அடியில் காற்று கசியாமல் அடைக்கிற காப்பர் வாஷர் புதிது போட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நவம்பர் 10, காலை 6.30

மிஸ் 2-க்குப் போய்விட்டது! சொம்புத் தண்ணீரும் அதையே சொல்கிறது, பைப் தளர்த்தலும் அதையே சொல்கிறது. 5 இப்போது ஜோராக அடிக்கிறது. ஆக 5-க்குப் பம்ப் டீசல் தருகிறது, வால்வும் பிஸ்டனும் காற்றை அமுக்குகின்றன. கெட்டது நாசில். பம்ப் போச்சு என்றவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

நவம்பர் 11, மாலை

ஆறு நாசிலையும் கழற்றிச் சேலத்தில் பம்ப் வேலை பார்க்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். டெஸ்டரில் மாட்டிக் கையால் அமுக்கிக் காட்டினார்கள். நல்ல நாசில் கிர் கிர்ரென்று முனகிக்கொண்டு மூடுபனி மாதிரி தூவுகிறது. 5-ல் இருந்தது 150 பார் அழுத்தத்திலேயே திறந்துகொண்டது, இந்த எஞ்சினுக்கு 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தூவவும் இல்லை, சரியாக மூடாத குழாயில் சொட்டுகிற மாதிரி நுனியில் ஒரு சொட்டு நின்றது. காலை வெள்ளைப்புகைக்கு இதுதான் காரணம். குளிர்ந்த சிலிண்டரில் சொட்டாக விழுந்த டீசல் எரியாமல் அப்படியே ஆவியாக வெளியே வருகிறது.

மற்றவையும் தேய்ந்திருந்ததால் ஆறுக்கும் புது நாசில் போட்டு ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து அழுத்தம் சரிசெய்து வாங்கினேன். மதியமே மாட்டியாயிற்று. டீசல் லைனில் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தேன். இரண்டு கிலோமீட்டர் காலி வண்டி ஓட்டினேன். பட்டு. இழையை மூடிவிடலாம். எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து.

நவம்பர் 12

தீபாவளி. வண்டி நிற்கிறது. பையன் ஹாரன் அடித்து விளையாடுகிறான்.

நவம்பர் 16, காலை 7

இழையை மூட வேண்டாம்.

பழையபடி துள்ளல், பழையபடி வெள்ளைப்புகை. 2-வது சிலிண்டர். புது நாசில் போட்டு ஐந்தே நாள்! நேற்று லோடோடு கணவாயில் டிரைவர் அண்ணன் இரண்டாவது கியரில் ஊர்ந்து வந்திருக்கிறார். போலி நாசிலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இன்று கடைக்குப் போகிறேன், சும்மா விடப்போவதில்லை.

நவம்பர் 16, இரவு

போனேன், கத்தினேன். அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. 2-ன் நாசிலை வாங்கி என் கண் முன்னாலேயே டெஸ்டரில் போட்டார். 200-ல் திறந்தது, மூடுபனி மாதிரி தூவியது, அமுக்கிப் பிடித்தபோது ஒரு சொட்டு கசியவில்லை. நல்ல நாசில். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அப்புறம் அவர் நாசிலின் உடம்பைத் துணியால் துடைத்துவிட்டு, "இந்தப் பக்கம் இவ்வளவு கரி ஏன்? ஓட்டையப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாசிலைத் திரும்ப மாட்டியாயிற்று. மிஸ் அப்படியே.

இப்போது என் கணக்கு: பம்புக்குள் 2-க்கு டீசல் தள்ளுகிற எலிமெண்ட், அல்லது அதன் டெலிவரி வால்வ். ஆக பம்ப்தான் போலிருக்கிறது. டீ நானே வாங்கித் தருகிறேன்.

நவம்பர் 18

"ஐடிலில் ஏற்ற இறக்கம் இருக்கிறதா? ராத்திரி நின்ற வண்டி காலையில் கிளம்ப அடம் பிடிக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் உண்டு. அவர் சொன்னபடி டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிற ஃபீட் பம்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி வைத்துப் பார்த்தேன். சோடா மாதிரி குமிழி ஓடுகிறது.

தேடியதில், டேங்க் பக்கம் சேஸிஸில் உரசி ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஹோஸை மாற்றி, மூட்டில் போடுகிற இரண்டு பேன்ஜோ வாஷரும் புதிது போட்டு, கைப்பம்ப் அடித்து ஏர் எடுத்தேன். ஏற்ற இறக்கம் போய்விட்டது, காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது.

ஆனால் 2 மிஸ் அடிக்கிறது. டீசலில் காற்று புகுந்தால் எல்லாச் சிலிண்டரும் மாறி மாறித் தடுமாறும். ஒரே சிலிண்டர் நிலையாகச் செத்துக் கிடப்பதற்குக் காற்று காரணமாக இருக்காது. இருந்த இரண்டு நோயில் ஒன்று தீர்ந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 19

வேலை எதுவும் நடக்கவில்லை, மழை. எஞ்சின் பெயர் ஏன் 697 என்று ஒருவர் கேட்டார். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். டாடா 407-ல் வந்த 497-ம் அதே கணக்கு, நாலு சிலிண்டர், 97. 1954-ல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மன் கம்பெனியான டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1969 வரை லாரி கட்டியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். அப்பா முதலில் கிளீனராக ஏறியது அப்படி ஒரு வண்டியில். இன்றைக்கும் அவர் வாயில் "பென்ஸு" என்றுதான் வரும். மைகோவும் அப்படித்தான், 2008-லேயே கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறையில் யாருக்கும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

அப்பா காப்பர் வாஷரைத் தூக்கிப் போடவே மாட்டார். அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, தேய்த்து மறுபடி போடுவார். காய்ச்சினால் செம்பு மெத்தென்று ஆகிவிடும், நன்றாக உட்காரும். என் அம்மாவின் அடுப்பில் டீசல் நாற்றம் என்பது எங்கள் வீட்டு நிரந்தரச் சண்டை.

நவம்பர் 20

டேப்பட், அதாவது வால்வ் இடைவெளி, பார்த்தேன். எங்கள் பட்டறை மேஸ்திரி இந்த எஞ்சினுக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் எட்டு தௌ (தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று), எக்ஸாஸ்ட் பன்னிரண்டு தௌ வைப்பார். எக்ஸாஸ்ட் வால்வ் அதிகம் சூடாகி நீள்வதால் அதற்கு இடைவெளி கூட. 2-ல் இரண்டும் சரி. 4-ன் எக்ஸாஸ்ட் கொஞ்சம் டைட், சரிசெய்தேன். 2-க்கு ஒன்றும் ஆகவில்லை.

பம்பைக் கழற்ற நாளைக்கு மேஸ்திரி வருகிறார்.

நவம்பர் 21, மதியம் 12.10

பம்பைக் கழற்றவில்லை.

மேஸ்திரி வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, 2-ன் நாசில் ஹோல்டர் அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். நுரைத்துக் கொண்டு வந்தது. காதை வைத்துக் கேட்டால் சப் சப்பென்று ஒரு சத்தம். சிலிண்டர் காற்று நாசிலின் பக்கவாட்டில் ஓடிப்போகிறது. கடைக்காரர் காட்டிய கரி!

கழற்றினோம். புது வாஷர் நாசிலோடு வந்தது. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தால் அடியில் இன்னொரு வாஷர். கரி பிடித்து, ஹெட்டின் நிறத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இழுத்தோம், அரை மணி நேரம் வரமாட்டேன் என்றது, அப்புறம் டப்பென்று வந்தது.

யார் விட்டது என்று கேட்காதீர்கள். நவம்பர் 9, இரவு, செல்போன் லைட், பல்.

நவம்பர் 21, இரவு 11

இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

9-ம் தேதி 2-லிருந்து நாசிலைக் கழற்றியபோது பழைய வாஷர் ஓட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. அதன் மேல் புதுசையும் போட்டு இறுக்கினேன். இரண்டு வாஷரால் இரண்டு கேடு. நாசில் ஒரு வாஷர் கனத்துக்கு மேலே ஏறி நிற்கும், பிஸ்டனில் இருக்கிற குழிக்குள் விழ வேண்டிய தூவல் இடம் மாறி விழும். பழையதன் மேல் கரி இருந்ததால் புதுசு சமமாக உட்காராமல் அமுங்கின காற்றும் கசியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சூடு போதாமல் டீசல் பற்றாது. லோடில் கசிவு கூடும்.

11-ம் தேதி "பட்டு" என்று எழுதினேனே, அது சூடான எஞ்சின், காலி வண்டி, சமதரை. காலை ஸ்டார்ட்டும் பார்க்கவில்லை, கணவாயும் ஏறவில்லை. 13-ம் தேதியே காலையில் லேசாகத் துள்ளியது என்று டிரைவர் அண்ணன் இப்போது சொல்கிறார். பனி என்று நினைத்தாராம்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. 10-ம் தேதி காலை "மிஸ் 2-க்குப் போய்விட்டது, ஆகவே நாசில்" என்று துள்ளிக் குதித்தேன். ஆனால் அன்று 2-ல் கெட்ட நாசிலும் இருந்தது, இரட்டை வாஷரும் இருந்தது. 2 செத்தது எதனால் என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை. நாசில் நல்லதாக இருந்திருந்தாலும் 2 செத்திருக்கலாம், நான் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். நாசில் கெட்டது என்பதற்கு நிஜமான சாட்சி டெஸ்டரின் 150 பார்தான். அது என் அதிர்ஷ்டம்.

சோதனையின் மறுபாதி நிற்கிறது: 2-ன் நாசிலைப் போட்டதும் 5 பிழைத்தது. 5-ல் பம்பும் வால்வும் நன்று என்பது அதில் தெரிந்தது. 4-ம் தேதி, நான் கை வைப்பதற்கு முன், 2 நன்றாகத் தொய்ந்தது என்று நானே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். 16-ம் தேதி அதைத் திரும்பிப் படித்திருந்தால் "நடுவில் 2-ஐத் தொட்டது யார்?" என்ற கேள்வி வந்திருக்கும். படிக்காமல் பஸ் பிடித்துச் சேலம் போய்க் கத்தினேன்.

நவம்பர் 22

கடைக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். வாஷரையும் காட்டினேன். "வாரத்துக்கு ஒண்ணு வருங்கண்ணா" என்றார். டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 22, மாலை

மற்ற ஐந்து ஓட்டையையும் பார்த்தாயா என்று கேட்ட மூன்று பேருக்கும்: பார்த்தேன், இன்று மதியம். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டையை டார்ச் அடித்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, புது வாஷர் போட்டு மாட்டினேன். 5-ல் ஒன்றும் இல்லை. 3-ல் ஒன்று இருந்தது. ஆமாம், 3-லும். அதுவும் 11-ம் தேதி என் கைவேலைதான், மிஸ் அடிக்கிற அளவுக்கு இன்னும் கெடவில்லை போலிருக்கிறது. அப்பாவிடம் 3-ஐப் பற்றிச் சொல்லவில்லை.

நவம்பர் 27

நாலு நடை லோடு போய் வந்தாயிற்று. மஞ்சவாடி மூன்றாவதில் ஏறுகிறது. காலையில் புகை ஒரு நிமிடத்தில் நிற்கிறது. டீசல் கணக்கு இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அதனால் மைலேஜ் கேட்பவர்களுக்கு இப்போது பதில் இல்லை.

நாலு சிலிண்டர் வேன் வைத்திருப்பவருக்கு: பைப் தளர்த்தல் உங்கள் வண்டிக்கும் பொருந்தும், எரிப்பு வரிசை பொதுவாக 1-3-4-2. ஆனால் எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கிற புது மாடல் காமன் ரெயில் என்றால் நட்டில் கையே வைக்காதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் கொண்டுபோங்கள்.

டிசம்பர் 2

வாஷர் இரண்டையும் எலுமிச்சம்பழக் கயிற்றிலேயே கோத்துக் கட்டிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "ஒண்ணுதானே எடுத்ததாச் சொன்னே?" என்றார்.